பட்டிக்காரன் சென்றாயனும் கன்னிமார் குட்டையும்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவனுக்கு இரண்டு கவலை. ஐப்பசியில் சேறு, மாசியில் பட்டினி. கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டால் வரப்பில் புல் நிற்காது. இருக்கிற சோளத்தட்டைக் கறவைக்கும் ஏர்மாட்டுக்கும் இழுத்துப் பிடித்துத்தான் போட வேண்டும். வறட்டு மாடு, கிடாரி, வளர்ந்த கன்று இதையெல்லாம் தை கழிந்ததும் மலைக்கு ஏற்றிவிடுவோம். ஏழெட்டு ஊர் மாடு ஒன்றாகப் போகும். மேலே முள் வளைத்துப் பட்டி போட்டு, ஆடிப்பெருக்கு வரைக்கும் மேய்த்துக் காத்து, திரும்ப இறக்கிக் கொண்டுவந்து அவரவர் கட்டுத்தரையில் கட்டுகிறவனுக்குப் பட்டிக்காரன் என்று பேர். வெண்ணந்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்களுக்கெல்லாம் அந்த வேலையைச் செய்தவன் சென்றாயன்.

நெட்டை ஆள். குதிகால் இரண்டும் வெயில் காலத்து ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கும். அரை வருஷம் மாட்டோடு மட்டும் பேசினவன் என்பதால் தொண்டை பெரிசு. கீழே இறங்கின முதல் வாரத்தில் அவனோடு பேசுகிறவன் இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. பெண்டாட்டியையே, "ஏய், ஓரம் போ!" என்று அதட்டிவிட்டு, அப்புறம் நினைவு வந்து தலையைச் சொறிவான். அவள் அத்தாயி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "என்ர கழுத்துலயும் மணி ஒண்ணு கட்டி உடுங்க. எங்க மேயறேன்னு கண்டுக்கலாம்" என்பாள்.

ஊர் முறையில் அத்தாயி எனக்குத் தங்கச்சி. அதனால் நானும் அவனும் மச்சான்கள். அவர்களுக்கு நிலம் கிடையாது, ஒரு ஓலைக் குடிசைதான். அவன் மலைக்குப் போனதும் அவள் களை வெட்ட, கடலை பிடுங்கக் கூலிக்குப் போவாள். சாயங்காலம் வந்து ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள். ஒரு பெண்குழந்தை பிறந்தது, பொன்னாத்தாள் என்று பேர். நடந்து ஓடி விளையாடுகிற வயதில் அம்மை வந்து எடுத்துக்கொண்டது. சித்திரை மாதம் அது. அவன் மலையில் இருந்தான். ஆள் போய்ச் சொல்லி அவன் இறங்கி வருவதற்குள் புதைத்த மண் காய்ந்துவிட்டது. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு குழந்தையும் இல்லை. ஆனாலும் அடுத்த தை கழிந்தால் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும். ஊர் மாடு காத்திருக்காது.

பட்டி போடுகிற இடம் மலைமேல் இரண்டு முகட்டுக்கு நடுவில் ஒரு குட்டை ஓரம். பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்தவன் அதை ஏரி என்று சொல்ல மாட்டான், அவ்வளவு சிறிசு. ஆனால் எந்தக் கோடையிலும் வற்றாது. கரையில் ஏழு கல் நட்டிருக்கிறது, கன்னிமார். குட்டையைச் சுற்றி வேறு மரமே இல்லை, அத்தனையும் மஞ்சக்கடம்பு. மாசி பிறந்தால் எல்லா மரமும் ஒரே சமயத்தில் இலை பழுத்து மஞ்சளாகிவிடும். சில நாள்தான் அப்படி நிற்கும். பிறகு ஒரு காற்று வந்தால் மொட்டை.

இதைத்தான் சென்றாயன் வருஷா வருஷம் சொல்வான். கள்ளுக்கடையைச் சர்க்கார் மூடின பிறகு சாயங்காலத்தில் போக்கிடம் இல்லாமல் ஆண்பிள்ளைகள் களத்துமேட்டில் உட்கார்ந்திருப்போம். அங்கே வந்து ஆரம்பிப்பான்.

"மேல பாத்தாலும் மஞ்சள், கீழ தண்ணிக்குள்ள பாத்தாலும் மஞ்சள். நடுவுல நிக்கறவனுக்கு எங்க நிக்கறோம்னே தெரியாது. மாடு கூடத் தண்ணி குடிக்காம நின்னு பாக்கும்."

மாரியப்பன் என்று ஒருத்தன், எதைச் சொன்னாலும் குத்திப் பேசுகிறவன். "மஞ்சள் பாக்கறதுக்கு மலை ஏறோணுமா? சுப்பையன் ஊட்டுல மூட்டை மூட்டையா அடுக்கிக் கெடக்குது. ஒண்ண அவுத்துப் பாத்துட்டுப் போ."

"அது வேற மஞ்சள், மாரியப்பா."

"அப்படியா? வெரலியா, கெழங்கா? சேலத்துல என்ன வெலை போவுதாம்?"

எல்லோரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். ஆனால் எழுந்து போகும்போது யாராவது ஒருத்தனிடம் தனியாக, "வர்ற மாசிக்கு ஒருக்கா மேல வந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். சொல்லப்பட்டவன் தலையாட்டுவான். மாசியில் மஞ்சள் வெட்டு, கடலைக்குத் தண்ணி பாய்ச்சல், கல்யாணம் காட்சி. யார் போவது? ஒருத்தனும் போனதில்லை.

மற்றவன் வராததில் அவனுக்குப் பெரிய குறை இல்லை. அத்தாயிதான் வர வேண்டும் என்று அவன் மனசில் இருந்தது. அது நடக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். ஏனென்றால் மாசி மாதம் அந்தக் குட்டையில் கன்னிமார் ஏழு பேரும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இலை மஞ்சளாவதும் தண்ணீர் மஞ்சளாவதும் அதனால்தான். மாட்டோடு போகிற ஆண்பிள்ளைக்குத் தடையில்லை. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். வயதுக்கு வராத பெண் போகலாம், தாலியறுத்தவள் போகலாம். தாலி கட்டினவள் மட்டும் போகக் கூடாது. கன்னி கழியாத தெய்வங்கள் தாலியைக் கண்டால் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளும். தாலியை வாங்கிக்கொள்வது என்றால் புருஷனை வாங்கிக்கொள்வது. குட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் வழியோரம் ஒரு படுகல் கிடக்கிறது. அதுதான் எல்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த பெண்டுகள்கூட அந்த மாதம் அந்தக் கல்லைத் தாண்டாமல் வேறு ஊற்றுக்குச் சுற்றிப் போவார்கள்.

அதனால் அத்தாயி அந்தப் பேச்சு வந்தாலே, "மலைதான் உங்களுக்கு மூத்தவ. அவ ஊட்டுக்கு எளையவ எப்புடிப் போறதுங்க?" என்று சொல்லி முடித்துவிடுவாள்.

சண்டைக்காலம் வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததற்கு மறு வருஷம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். ராசிபுரம் பஸ் ஏற்றத்தில் நின்றுபோனால் கிளீனர் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றித் தீயை ஊதுவான். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் மூஞ்சியெல்லாம் புகை. அந்த அடுப்புகளுக்கு எங்கேயிருந்து கரி வந்தது என்று கீழே இருக்கிற நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த மாசியில் ஒரு நாள் மத்தியானம் சென்றாயன் என் கடலைக்காட்டுக்கு வந்து நின்றான். பட்டியை விட்டு நடுவில் இறங்கி வருகிற வழக்கம் அவனுக்கு இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"மாட்டுக்கு என்னாச்சு?"

"மாடெல்லாம் நல்லாருக்குது மச்சான். மலைக்காரன் ஒருத்தங்கிட்டப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன். உன்ர செவலக் கிடாரிதான் நொண்டுது. கால்ல என்னமோ ஏறியிருக்குது, என்னைக் கிட்டச் சேத்த மாட்டேங்குது. நீ வந்து பாத்தா நல்லது."

"அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?"

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "மரம் வெட்ட ஏலம் எடுத்த கூப்புக்காரங்க வந்துட்டாங்க. குட்டையைச் சுத்தி ஒரு மரம் பாக்கியில்லாம பட்டையைச் செதுக்கி நம்பர் போட்டுட்டாங்க. பங்குனிக்குள்ள வெட்டிக் கரி சுடப் போறாங்களாம்."

அன்று சாயங்காலம் அவன் குடிசைக்கு நானும் போனேன், மறுநாள் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று கேட்க. அத்தாயி வாசலில் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் குந்தியிருந்தான். என்னைப் பார்த்தும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை. அதிலிருந்தே விஷயம் முற்றிப்போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

"மாடு பத்தாதுன்னு இப்ப என்னையும் மேய்க்கறதுக்கா கூப்புடறீங்க?"

"ஒருக்கா வந்து பாத்துட்டு உடனே எறங்கிரலாம். அடுத்த வருசம் அங்க ஒண்ணும் இருக்காது புள்ளே."

"தாலி கட்டினவ போற எடமா அது? ஏனுங்கண்ணா, நீங்களே சொல்லுங்க."

நான் வாசல் ஓரமாகக் குந்தினேன்.

"வந்தா எனக்குத்தானே வரும்? வந்தா வந்துட்டுப் போவுது" என்றான் சென்றாயன்.

உலக்கை நின்றது. "ஆமாங்க, உங்களுக்குத்தான் வரும். உங்களுக்கு வந்துட்டா நான் ஆருக்குக் கம்பு குத்தறது?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குத்த ஆரம்பித்தாள், முன்னைவிடப் பலமாக. குத்திக்கொண்டே சொன்னாள்: "புள்ள போனப்பவும் அங்கதான் இருந்தீங்க. அந்த எடத்தை நான் வந்து வேற பாக்கோணுமா?"

முதல் தடவையாக அந்தப் பேச்சைக் கேட்டேன். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

சென்றாயன் குரல் எப்போதும் பெரிசாக இருக்கும் என்று சொன்னேன். அன்றைக்கு என்னவோ எனக்கே காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "அதுக்குத்தான் கூப்புடறேன். அப்ப நான் எங்க இருந்தேன்னு நீ ஒருக்காப் பாத்துரோணும். வேறொண்ணும் இல்ல."

அவள் கம்பை வாரி முறத்தில் போட்டுப் புடைத்தாள். அவன் அன்று சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காலையில் நான் தடியும் கயிறுமாகப் போனபோது அத்தாயி சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சென்றாயன் கொஞ்சம் தள்ளி நின்றான். பேசினால் கெட்டுவிடும் என்று பயந்தவன் போல எனக்கு ஜாடை மட்டும் காட்டினான்.

மலை கீழேயிருந்து பார்க்கத்தான் பச்சை. மாசியில் உள்ளே போனால் சாம்பல் நிறம். மரமெல்லாம் மொட்டை, கீழே சருகு. மூன்று பேர் நடந்தால் முப்பது பேர் நடக்கிற சத்தம். அடிவாரத்து ஓடை வறண்டு கல் மட்டும் கிடந்தது. முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிற்று. அத்தாயிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏனுங்கண்ணா, உங்களையும் பட்டியில உட்டுட்டு வந்துரலாமா? ஆடிக்குள்ள தேறிருவீங்க."

"வாயை வெச்சுக்கிட்டு நடம்மா."

சென்றாயன் முன்னால் போய்க்கொண்டு, "இங்க தண்ணி எடுப்பேன்", "இங்கதான் போன வருசம் செந்நாய் நின்னுது", "இந்தப் பாறையில மழைக்கு ஒதுங்குவேன்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். அவள் எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். மழைக்கு ஒதுங்குகிற பாறையைக் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "நீட்டிப் படுத்தா காலு வெளிய இருக்குமே" என்றாள். "இருக்கும். காலு நனையும்" என்றான் அவன்.

மலையிலேயே குடியிருக்கிற மலையாளிகளின் தினைக்காடு தாண்டினோம். காவல் பரணில் ஆள் இல்லை. அதற்கு மேலே மூங்கில். மூங்கில் தாண்டினதும் சென்றாயன் நடை குறைந்தது. வழியோரம் அந்தப் படுகல் கிடந்தது. மேலே யாரோ என்றைக்கோ வைத்த குங்குமம் காய்ந்திருந்தது. அவன் தலைத்துண்டை அவிழ்த்தான். நான் செருப்பைக் கழற்றினேன்.

அவன் அவளைப் பார்க்காமல் நின்றான். "இங்கியே உக்காந்துக்கிறதுன்னாலும் உக்காந்துக்க" என்றான். இவ்வளவு தூரம் கூட்டிவந்தவன் அந்த இடத்தில் அப்படிச் சொன்னான்.

அத்தாயி சோற்று மூட்டையை இறக்கிக் கல்மேல் வைத்தாள். தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டு முந்தானையை இழுத்துச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். அவன் துண்டின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"ம், நடங்க."

முன்னால் அவன், துண்டைப் பிடித்துக்கொண்டு அவள், பின்னால் நான். வழியில் வேர் புடைத்துக் கிடந்தது. அவள் காலால் தடவித் தடவி வைப்பதைப் பார்த்தேன். இறக்கம் என்பதால் பார்த்து நடக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு திருப்பம். திரும்பினதும் குட்டை.

அவன் சொன்னதில் கொஞ்சமும் கூடுதல் இல்லை. எனக்கு எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன். வெறும் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்கு அது சட்டென்று அடித்த மாதிரி இருந்தது. நாலு பக்கமும் மரம் மரமாக மஞ்சள், வெயில் உள்ளேயிருந்து வருகிற மாதிரி. தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. உதிர்ந்த இலை மூடி, நடந்து போகலாம் போல இருந்தது. மாடு வாய் வைத்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம் திறந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. ஒவ்வொரு மரத்திலும் மார் உயரத்தில் பட்டை செதுக்கித் தாரால் நம்பர் எழுதியிருந்தது. அக்கரையில் என் செவலைக் கிடாரி மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது.

"பாரு" என்றான் சென்றாயன். சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அத்தாயி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"அத்தாயி."

"வந்துட்டனுங்க."

"கண்ணைத் தொற புள்ளே."

"மாட்டேன்."

"இவ்வளவு தூரம் வந்து..."

"நீங்க வரச் சொன்னீங்க, வந்துட்டேன். நான் அவங்களப் பாத்தாத்தானே அவங்க என்னைப் பாப்பாங்க. நான் பாக்கலீங்க."

கல்லைத் தாண்டுவதற்கு முன்பே அவள் மூடிவிட்டாள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன், கோபமும் படவில்லை. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் கூப்பிட்டு வாய் ஓயாமல் சொன்னவன், பக்கத்தில் அவள் வந்து நிற்கும்போது ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் நின்றான்.

அவளேதான் கேட்டாள். "என்னமோ சத்தம் கேக்குதுங்களே, என்னது அது?"

"எல உளுகுது."

"எல உளுகறதுக்கா இவ்வளவு சத்தம்?"

"நெறைய உளுகுது."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். தோளில் இரண்டு இலை விழுந்தது. அவன் தட்டிவிடப் போனான், பிறகு விட்டுவிட்டான்.

"நீங்க எங்க படுப்பீங்க?" என்று கேட்டாள்.

துண்டைப் பிடித்து அவளைப் பட்டியோரம் கூட்டிக்கொண்டு போனான். நான் கிடாரியைப் பார்க்கக் கரையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டேன். அது என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றது. குளம்பு இடுக்கில் மூங்கில் சிராய் ஏறிச் சீழ் வைத்திருந்தது. காலைத் தூக்கி மடியில் வைத்துப் பிடுங்கி, வேப்பெண்ணெய் விட்டுத் துணி சுற்றினேன். அங்கேயிருந்து அவ்வப்போது பார்த்தேன். அத்தாயி கண்ணை மூடிக்கொண்டே குந்தி உட்கார்ந்து அவன் அடுப்புக் கல்லைத் தடவினாள். பாயைத் தடவினாள். சட்டியை எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அவள் குரல் தண்ணீருக்கு மேலே தெளிவாக வந்தது.

"இந்தச் சட்டியிலயா ஆக்கறீங்க? அடி ஓட்டையாட்டம் இருக்குது!"

"மாவு வெச்சு அடைச்சிருக்கேன்."

"சொல்லியிருந்தா வேற குடுத்துருப்பேனுங்களே. இத்தன வருசமா இதுலயா ஆக்கித் தின்னீங்க?"

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையை எந்தப் பக்கம் வைப்பது, குளிருக்கு என்ன போர்த்துவது, சேதி சொல்ல வந்த ஆள் அன்றைக்கு எந்தப் பக்கமாக வந்தான் என்றும் கேட்டாள். அவன் அவள் கையைப் பிடித்து அந்தத் திசையில் நீட்டிக் காட்டினான். நான் கிடாரியின் காலுக்குத் துணி சுற்றி முடித்தும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது படுகல்லைத் தாண்டி, மூங்கில் வரைக்கும் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். வெயில் கூசி நீர் வழிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சென்றாயன் மூங்கில் வரைக்கும் வந்து நின்றுகொண்டான். "சட்டி குடுத்தனுப்பறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னோடு இறங்கி வந்தாள்.

பங்குனியில் வெட்டினார்கள். மலைமேல் புகை நின்றது எங்கள் காட்டிலிருந்தே தெரிந்தது. மூட்டை மூட்டையாகக் கரி இறங்கி வண்டியில் போயிற்று. சென்றாயன் பட்டியைத் தெற்கே வேறு சரிவுக்கு மாற்றினான். அங்கே தண்ணீர் கெட்டது, கொசு. அடுத்த வருஷம் ஆடியில் மாட்டை இறக்கிக் கொண்டுவந்தபோதே அவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கிப் போட்டது. அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை சண்டையினால் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெறும் கலர் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். எங்கேயாவது கிடைக்குமா என்று நான் சேலம் வரைக்கும் போய் அலைந்தேன். ஐப்பசியில் செத்துப்போனான். களத்துமேட்டில் மஞ்சளைப் பற்றி அவன் பேசி அதற்குள் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மரம் வெட்டின வருஷம் ஆடியில் மலையிலிருந்து இறங்கின பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாரியப்பன் குத்திப் பார்த்தும் எடுக்கவில்லை.

மலைக்காய்ச்சலில் எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு எத்தனையோ பேர் செத்தார்கள். ஆனால் சென்றாயன் செத்ததற்கு ஊர் வேறு காரணம் கண்டுபிடித்தது. அத்தாயி மாசியில் கண்ணை மூடிக்கொண்டு குட்டைக்குப் போனாள் என்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வளையல் உடைக்கிற இடத்தில் பாவாயி என்கிற கிழவி, அவன் பங்காளி வீட்டுக்காரி, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "கண்ணைத் தொறந்திருப்பா. இல்லாட்டி இப்புடிக் கல்லாட்டம் இருந்தவனை ஏன் வாங்குறாங்க?"

அத்தாயி தலை நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கூட இருந்தேன். அவ தொறக்கல" என்று கத்தினேன்.

பாவாயி என் பக்கம் திரும்பினாள். "அங்க போன ஆம்பள நீ குட்டையைப் பாத்துக்கிட்டு நின்னியா, அவ கண்ணைப் பாத்துக்கிட்டு நின்னியா?"

பெண்டுகளில் ஒருத்தி சிரித்தாள், சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல். குட்டையைப் பார்த்தேன், மாட்டைப் பார்த்தேன் என்று நான் என்னத்தைச் சொல்ல? அவள் கண்ணைத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்கும் எனக்கும் தெரிந்தால் போதாது போல இருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம், காது குத்து எதற்கும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. தாலியறுத்தவளைக் கூப்பிடாதது ஊர் வழக்கம்தான். அவளை விலக்கினது அதற்கும் மேலே. கிணற்றில் அவள் குடம் வைத்தால் மற்றவள் குடத்தை நகர்த்துவாள்.

வேலைக்கு மட்டும் கூப்பிடுவார்கள், கை வேகம் என்பதால். என் கடலைக்காட்டுக்கு வருவாள். மற்ற பெண்டுகள் ஒரு வரிசையாகக் களை வெட்டிக்கொண்டு பேசிச் சிரித்துப் போவார்கள். இவள் கடைசிப் பாத்தியில் தனியாக, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

சண்டை முடிந்த வருஷம் அது. மத்தியானம் எல்லோரும் கிணற்று மேட்டு நிழலுக்குப் போன பிறகு அவள் மட்டும் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். நான் மண்வெட்டியை வைத்துவிட்டு எதிர் வரப்பில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்கண்ணா" என்றாள். "அன்னிக்கு அது எப்புடி இருந்துதுங்க?"

எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்தவர்களில் இனிச் சொல்வதற்கு ஊரில் நான் ஒருத்தன்தான். யோசித்தேன். சென்றாயன் சொல்வானே, மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் என்று, அது அவன் பேச்சு. என் வாயில் வராது.

"மஞ்சளா இருந்துது அத்தாயி. ஒரே மஞ்சள். தண்ணி தெரியல."

"அவரு எப்புடி நின்னாருங்க?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. "குட்டைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உன்னையேதான் பாத்துக்கிட்டு நின்னான்" என்றேன். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

கூழைக் குடித்து முடித்தாள். சட்டியை வாய்க்கால் தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வைத்தாள். இப்போது அவள் மாசியில் அந்தக் கல்லைத் தாண்டிப் போகலாம், யாரும் கேட்க முடியாது. போனால் அங்கே வெட்டின அடிக்கட்டைதான் இருக்கிறது.

"தொறந்தே பாத்திருக்கலாமுங்கண்ணா" என்றாள்.

அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிணற்று மேட்டிலிருந்து மற்றவர்கள் இன்னும் இறங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து அவள் வெட்ட ஆரம்பித்தாள்.